வீடு மாறப் போறம், அம்மா ஒண்டையும் எறிய விடுறா இல்லை

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் 1996இல யாழ்ப்பாணத்தில இருந்து வந்த நாள் தொட்டு வெள்ளவத்தையில ஒரே வாடகை வீட்டிலதான் இருக்கிறம். மூண்டு அறை, பின்னால ஒரு ஸ்டோர் ரூம். இப்ப வீட்டுக்காரர் இடிச்சுப்போட்டு பிளாட் கட்டப் போறாராம், ரெண்டு மாசத்தில விடவேணும். தெகிவளைப் பக்கம் 5ஆம் மாடியில ரெண்டு அறை பிளாட் ஒண்டு எடுத்திருக்கிறம். அம்மாக்கு 78 வயசு, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கூட எறிய விடுறா இல்லை. அப்பாட பேப்பர் மட்டும் நாலு பெட்டி கிடக்கு, அண்ணா கனடா போகேக்குள்ள விட்டிட்டுப் போன சூட்கேசும் அப்பிடியே கிடக்கு. ஒவ்வொரு நாளும் எனக்கும் அம்மாக்கும் சண்டை, கடைசியில ரெண்டு பேரும் அழுதுபோட்டுப் படுக்கிறம். எங்க இருந்து தொடங்கிறது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல்ல இந்தக் கிழமை ஒண்டையும் எறியாதைங்கோ. ஒரு அளவு டேப் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போங்கோ. அறையின்ட நீள அகலம், கட்டில் போட்டா கதவு திறபடுமோ, அலுமாரி வைக்கிற சுவர் எவ்வளவு, எல்லாத்துக்கும் மேல லிப்ட் வாசலின்ட அகலமும் உயரமும், படி திரும்பிற இடமும். எங்கட பழைய தேக்கு அலுமாரியள் கனக்க லிப்டுக்குள்ள போகாது, லொறி வந்து கீழ நிண்ட பிறகுதான் அது தெரியவரும், பிறகு நாலு பேர் அஞ்சு மாடிக்குத் தூக்க வேணும், அவையளுக்கும் பாவம், உங்களுக்கும் காசு. கன பிளாட்டுகளில சாமான் ஏத்திற நேரத்தை மனேஜ்மென்டுக்கு முன்கூட்டியே சொல்லி எடுக்கவேணும், அதையும் அப்பவே கேட்டுக்கொண்டு வாங்கோ. அளவு கையில இருந்தா வீட்டில சண்டை பாதியாக் குறையும், ஏனெண்டா "இதை எறியுங்கோ" எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை, "அம்மா, உங்கட அறையில ஒரு அலுமாரிதான் நிக்கும், எதை வைப்பம்?" எண்டு கேக்கலாம். இந்த ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு கேட்டுப் பாத்தா உங்களுக்கே விளங்கும்.

இனி அம்மாட கதை. 1996இல வந்தனாங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப 1995 ஒக்டோபர் 30 ராத்திரி அம்மா எங்க நிண்டா எண்டு ஒருக்கா யோசியுங்கோ. சண்டை நெருங்கி, யாழ்ப்பாணப் பட்டினம் அடங்கின வலிகாமம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால சனம் அரக்கி அரக்கிப் போன நேரம், சைக்கிள் கரியரில கட்டினது எவ்வளவோ அவ்வளவுதான் சொத்து. அலுமாரி நிறைய உடுப்பு, குசினி நிறையப் பாத்திரம், பூட்டின வீடு, எல்லாத்தையும் விட்டிட்டு வந்த மனுசிக்கு இப்ப பெத்த பிள்ளையே வந்து "அம்மா, இது குப்பை" எண்டா நெஞ்சு எப்பிடி இருக்கும்? அந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் சும்மா சேர்ந்ததில்லை தங்கச்சி. திரும்ப ஒரு நாள் ஒண்டுமில்லாமல் நிக்கப்படாது எண்ட பயத்தில சேர்ந்தது. அதைத் தெரிஞ்சுகொண்டு கையை வையுங்கோ.

அதால நான் சொல்லிற ஒரே ஒழுங்கு இதுதான், ஆருடைய சாமானோ அவைதான் தீர்மானிக்க வேணும். அம்மாக்கு ரெண்டு நல்ல பெட்டி குடுங்கோ, புதுப் பெட்டி, மூடி உள்ளதா, அதில என்ன போடுறா எண்டு ஆரும் கேக்கப்படாது, உடைஞ்ச மூக்குக் கண்ணாடி எண்டாலும் சரி. மிச்சத்தை அவவோட இருந்து பாருங்கோ, ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், காலமை தேத்தண்ணிக்குப் பிறகு, அதுக்கு மேல போகாதைங்கோ, வயசான ஆக்களுக்கு ஒவ்வொரு சாமானும் ஒரு கதை, கதை சொல்லிக் களைச்சுப் போவினம். கதையைக் கேட்டா பாதிச் சாமானை அவையே "சரி, அதைக் குடுத்துவிடு" எண்டு சொல்லுவினம், இது நான் என்ர அம்மாட்டைக் கண்டது.

டப்பாக்களுக்கு வாறன். மூடி சரியாப் பூட்டிற டப்பா ஒரே அளவில ஒரு 12 வையுங்கோ, மிளகாய்த்தூள், பருப்பு போட உதவும். மூடி இல்லாததுகளை அம்மாக்கு டெங்குவைச் சொல்லி விளங்கப்படுத்துங்கோ. 2017இல இந்த நாட்டில ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல டெங்கு நோயாளிகள் பதிவானவை, அதில கொழும்பு மாவட்டத்தில மட்டும் எத்தினை வீடு பயத்தில கிடந்தது எண்டு எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அந்த நுளம்பு ஒரு யோகட் கப் தண்ணியிலயே முட்டை போடும், தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்கில காய்ஞ்சு கிடந்திட்டுத் திரும்ப மழை பட்ட உடனே பொரிக்கும். ஸ்டோர் ரூமுக்குப் பின்னால கிடக்கிற சிரட்டை, உடைஞ்ச பூச்சாடி, பெயின்ட் வாளி எல்லாம் முதல் நாளே போகட்டும். பேரப்பிள்ளையளுக்காக எண்டு சொன்னா அம்மா மறுக்க மாட்டா.

இப்ப அப்பாட நாலு பெட்டி. இதில மட்டும் அவசரப்படாதைங்கோ, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். கொழும்பில தமிழ்ச் சனம் ஏன் பேப்பர் சேர்த்தது எண்டு உங்கட பிள்ளையளுக்குத் தெரியாது. பொலிஸ் பதிவு, வாடகை ரசீது, வேலைக் கடிதம், அடையாள அட்டைக் கொப்பி, இதுகள் இல்லாமல் செக்பொயின்ட்டில நிண்டவைக்குத்தான் தெரியும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியவிடிய கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தை பஸ்ஸில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினது, பிறகு உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தக் காலத்தில ஒரு துண்டுப் பேப்பர் ஒரு மனுசனைக் காப்பாத்தினது. அதைச் சேர்த்து வைச்ச அப்பாட பழக்கத்தை மரியாதையோட பிரிக்க வேணும்.

எப்பிடிப் பிரிக்கிறது? காணி உறுதி, பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், பென்சன் கடிதங்கள், வங்கிப் புத்தகம், அற்றோர்னித் தத்துவம் (பவர் ஒவ் அற்றோர்னி) குடுத்த கடிதம், உங்கட வாடகை வீட்டுக்குக் குடுத்த அட்வான்ஸ் ரசீது, பள்ளிக்கூடச் சான்றிதழ், இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் பைலில போட்டு, லொறியில ஏத்தாமல் உங்கட கைப்பையில கொண்டு போங்கோ. பிறப்புச் சான்றிதழ் பிரதேச செயலகத்தில திரும்ப எடுக்கலாம் எண்டு ஆரும் சொல்லுவினம், உண்மைதான், ஆனா சண்டைக் காலத்தில பதிவுப் புத்தகமே அழிஞ்சு போன இடங்களும் இருக்கு, அதால பழைய கொப்பி எண்டு எறியப்படாது. பத்து வருசத்துக்கு முந்தின கரண்ட் பில், தண்ணி பில், மெசின் வாரண்டி புத்தகம் எல்லாம் போகலாம். ஆனா பேரும் கணக்கு நம்பரும் உள்ள பேப்பரை அப்பிடியே போத்தல் பேப்பர்காரருக்குக் குடுக்காதைங்கோ, நாளைக்குக் கோல்பேஸ் கடற்கரையில ஆரோ வாங்கிற கடலைச் சரையில உங்கட அடையாள அட்டை நம்பர் இருக்கும். கிழிச்சுத் தண்ணியில ஊறப் போட்டு எறியுங்கோ.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. கொட்டாஞ்சேனையில இருந்து வீடு மாறேக்குள்ள நான் பழைய கொப்பியள் எண்டு நினைச்சு கிலோக் கணக்கில நிறுத்துக் குடுத்ததில அப்பாட மூண்டு டயரியும் போட்டுது. ரெண்டு நாள் கழிச்சு அம்மா "எங்க பிள்ளை அந்தப் பச்சை மட்டை டயரி?" எண்டு கேட்டா. அந்தப் பேப்பர்காரரைத் தேடிப் பிடிச்சு, அவர் கொண்டு போய்ப் போட்ட இடத்துக்கும் போனன், எல்லாம் கட்டிக் கம்பனிக்கு ஏத்தியாச்சு. அம்மா என்னை ஒண்டும் பேசயில்லை. அது இண்டைக்கும் எனக்கு நோகுது.

அண்ணாட சூட்கேசை நீங்கள் தனியத் திறக்காதைங்கோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்து அவருக்கு முன்னால திறவுங்கோ, ஒவ்வொண்டாத் தூக்கிக் காட்டுங்கோ, வேணுமெண்டதை ஆர் கனடா போகினமோ அவையிட்டைக் குடுத்தனுப்பலாம், ரெண்டு கிழமைக்குள்ள மறுமொழி சொல்லச் சொல்லுங்கோ. எங்கட வீடுகள் வெளிநாட்டுப் பிள்ளையளின்ட களஞ்சியமாப் போனது உண்மை, ஆனா கேக்காமல் எறிஞ்சா அது பத்து வருசம் கழிச்சும் ஒரு கலியாண வீட்டில கதைபடும்.

குசினியில கிடாரம், பெரிய தாச்சி, ஆட்டுக்கல், உரல். 5ஆம் மாடியில உரல் இடிச்சா கீழ் வீட்டுக்காரர் படியேறி வருவினம், அதால உரலும் உலக்கையும் முத்தம் உள்ள ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போகட்டும். கிடாரம் வருசத்தில எத்தினை தரம் அடுப்பேறினது எண்டு எண்ணிப் பாருங்கோ. திருவலையும் புட்டுக் குழலும் இடியப்ப உரலும் கட்டாயம் வரவேணும், அம்மாட சின்ன அம்மியும் வரட்டும், குசினி மூலையில நிக்கும். பித்தளைச் சாமான் விக்கிறதெண்டா வாசலில வந்து கேக்கிறவைக்கு ஒரு விலை சொல்லிக் குடுக்காதைங்கோ, நிறுத்து, ரெண்டு இடத்தில விலை கேட்டு, பிறகு குடுங்கோ. குத்துவிளக்கை விக்க வேண்டாம். புது வீட்டில பால் காய்ச்சேக்குள்ள அதுதான் முதல் கொழுத்த வேணும், அதை அம்மாட கையில குடுத்துவிடுங்கோ, லொறியில இல்லை, உங்களோட ஆட்டோவில மடியில வைச்சுக்கொண்டு வரட்டும்.

கேள்வி: மாமா தமிழ் வாத்தியாரா இருந்தவர், போன வருசம் தவறிட்டார். மூண்டு அலுமாரி புத்தகம், பழைய சஞ்சிகையள், ஆக்கள் செத்தா அடிக்கிற நினைவு மலர் மட்டும் ஒரு கட்டு. பேப்பர் விலைக்குப் போடச் சொல்லி எல்லாரும் சொல்லினம். மனம் கேக்குதில்லை.
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மனம் கேக்காதது சரி தம்பி. 1981இல யாழ்ப்பாண நூலகத்தோட ஏறத்தாழ 97,000 புத்தகம் எரிஞ்ச இனம் நாங்கள், எங்களில ஒருத்தர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை எடைக்குப் போடுறது எனக்கும் ஏலாது.

முதல்ல ஒரு லிஸ்ட் எழுதுங்கோ, பேர், எழுதினவர், வருசம், அவ்வளவும் போதும், பிள்ளையளிட்டைச் சொன்னா போனில அட்டையைப் படம் எடுத்தே முடிச்சிடுவினம். கறையான் பட்டதைத் தனியா வையுங்கோ, நல்ல புத்தகத்தோட கலந்தா எல்லாத்துக்கும் பரவும். பிறகு அந்த லிஸ்டோட நூலகம் நிறுவனத்தோட கதையுங்கோ. 2005இல தொடங்கினது, இலங்கைத் தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை, மலர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்டில ஆரும் சும்மா வாசிக்கிற மாதிரிப் போடுற ஆக்கள். ஆக்கள் குப்பை எண்டு நினைக்கிற அந்த நினைவு மலர்தான் அவையளுக்குப் பெரிசு, ஏனெண்டா ஒருத்தர் செத்து 31ஆம் நாளுக்கு அடிக்கிற ஒரு சின்னப் புத்தகத்துக்குள்ள ஒரு குடும்பத்தின்ட வம்சாவளி, ஊர், கோயில், பள்ளிக்கூடம், தேவாரம் எல்லாம் இருக்கும், வேற எங்கயும் அது அச்சில இருக்காது. வெள்ளவத்தையில கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942இல தொடங்கினது, நல்ல நூலகம் ஒண்டு நடத்தினம், அங்கயும் கேளுங்கோ. ஆனா கேக்காமல் பெட்டியைக் கொண்டு போய் இறக்கப்படாது, அவையளுக்கும் இடம் வேணும், ஏற்கெனவே இருக்கிற புத்தகம் அஞ்சாவது பிரதி தேவைப்படாது.

மாமா ஓரத்தில பென்சிலால குறிப்பு எழுதின புத்தகம் இருந்தா அதில ஒரு பத்தை நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ. அது புத்தகக் கடையில கிடைக்காது.

கேள்வி: பழைய பெட்டி டிவி, ஒரு டப்பா நிறையச் செத்த பட்டரி, அப்பா பாவிச்ச இன்சுலின் ஊசி, திகதி முடிஞ்ச குளிசை. இதுகளை மூட்டை கட்டி முனிசிப்பல் லொறியில போடலாமோ?
- வாசகி, மட்டக்குளி

பதில்: போடாதைங்கோ அம்மா. 2017 சித்திரை வருசப்பிறப்பு அண்டு மீதொட்டமுல்லையில குப்பைமேடு சரிஞ்சு 30 பேருக்கு மேல செத்தவை, அதுக்குப் பிறகுதான் கொழும்பில குப்பையைப் பிரிச்சுப் போடுற விசயத்தில இறுக்கமானவை. நாங்கள் கட்டி எறியிற மூட்டை எங்கயோ ஒரு ஏழை வீட்டுக்குப் பக்கத்தில போய்த்தான் நிக்குது.

பெட்டி டிவியின்ட கண்ணாடியில ஈயம் இருக்கு, உடைக்கப்படாது, பிள்ளையளை விளையாட விடவும் வேண்டாம். அதையும் பட்டரியையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ட லைசன்ஸ் உள்ள இலத்திரனியல் கழிவு எடுக்கிற ஆக்களிட்டைக் குடுக்க வேணும், ஆர் ஆர் எண்டு அதிகாரசபைக்கே கோல் எடுத்துக் கேக்கலாம். குளிசையை டொய்லட்டில ஊத்தாதைங்கோ, வழமையா மருந்து எடுக்கிற பார்மசியில திருப்பி எடுப்பினமோ எண்டு கேளுங்கோ.

ஊசியை மட்டும் இண்டைக்கே செய்யுங்கோ. தடிச்ச பிளாஸ்டிக் போத்தல் ஒண்டு எடுத்து, ஊசி கீழ பாக்கப் போட்டு, மூடியை இறுக்கி டேப் சுத்தி, வெளியில பெரிய எழுத்தில தமிழிலயும் சிங்களத்திலயும் "ஊசி" எண்டு எழுதி ஒட்டுங்கோ. முனிசிப்பல் ஆக்கள் எங்கட பையைக் கையாலதான் பிரிக்கினம், கன பேருக்குக் கையுறையும் இல்லை. அப்பா போன கிளினிக்கில அந்தப் போத்தலை எடுப்பினமோ எண்டு கேட்டு, அங்க கொண்டு போய்க் குடுங்கோ.