வௌவால் எச்சத்தால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வருமா?

திருகோணமலையில் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டு வீட்டைத் துப்புரவாக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. வரலாம். அதன் பெயர் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ். வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஒரு பூஞ்சைதான் காரணம்.

எச்சத்தைத் தொட்டதால் வருவதில்லை, கிளறுவதால் வருகிறது. எச்சத்திலுள்ள நைட்ரசன் பூஞ்சைக்கு நல்ல பசளை. கிளறும்போது தூசியோடு பறக்கும் பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். காய்ந்த மிளகாய் இடிக்கும்போது பக்கத்து அறையில் இருப்பவரும் தும்முவாரே, அப்படித்தான். வித்து தும்மலைக்கூடத் தராது என்பதுதான் வில்லங்கம்.

பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, களைப்பு வரும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவும் தோன்றலாம். ஆகவே டொக்டரிடம் வௌவால் கூரையைக் கூட்டிய கதையையும் சொல்லுங்கள். எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கு இது ஆபத்து. அவர்கள் அந்த வேலைக்கே போகக் கூடாது.

முற்றம் கூட்டுமுன் தண்ணீர் தெளிப்போமே, அதையே இங்கும் செய்யுங்கள்: நன்றாக நனைத்த பிறகு அள்ளுங்கள். துணி முகக்கவசம் போதாது, நுண்ணிய தூசியையும் வடிகட்டும் என்-95 முகக்கவசம் வேண்டும்.

அப்புறம், இருமும் நோயாளியிடமிருந்து தொற்றும் என்று அவரை ஒதுக்கி வைப்பார்கள்; இது இருமலால் ஆளுக்கு ஆள் பரவுவதில்லை.