ஒரு பருவம் முழுக்க ஓரியண்டீரிங் (வரைபடமும் காம்பஸும் கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் போட்டி) பயிற்சி எடுத்தும் நேரம் குறையவில்லை. அடுத்த பருவத்துக்கு என்ன இலக்கு வைக்கலாம்?

நீங்கள் சாலையோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், வரைபடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

போன பருவத்தில் எங்கள் குழுவில் எல்லோரும் ஓடும் தூரத்தைக் கூட்டினார்கள். நான் கூட்டவில்லை. வயதாகிவிட்டது என்று கிண்டல் செய்தார்கள், செய்யட்டும். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நான் போன வழியை நினைவிலிருந்து வரைபடத்தில் பேனாவால் வரைவேன். அப்புறம்தான் கடிகாரத்தில் பதிவான ஜிபிஎஸ் தடத்தைப் பார்ப்பேன். இரண்டும் பிரிகிற இடம் பெரும்பாலும் கண்ட்ரோலுக்கு, அதாவது நாம் கண்டுபிடிக்க வேண்டிய கொடி வைத்த இடத்துக்கு, முந்தைய கடைசி நூறு மீட்டராகத்தான் இருக்கும். பருவத்தின் பிற்பாதியில் நான் பயிற்சி எடுத்ததெல்லாம் அந்த நூறு மீட்டருக்குத்தான்.

பலன் கிடைத்தது. ஒரு போட்டியில் கண்ட்ரோல் சரிவில் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இருந்தது. பக்கத்திலேயே அதே ஜாடையில் வேறு பள்ளங்களும் உண்டு. என்னைவிட வேகமாக ஓடும் இளைஞர்கள் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தார்கள். நான் மேலே பாதை திரும்பும் இடத்தில் நின்றேன். வரைபடத்தை மடித்துக் கட்டைவிரலை அந்தத் திருப்பத்தில் வைத்தேன். காம்பஸின் சிவப்பு முள்ளை வரைபடத்தின் வடக்குக் கோடுகளோடு பொருத்திக்கொண்டு, அடிகளை எண்ணியபடி இறங்கினேன். ஓடவில்லை, நடந்தேன். சமவுயரக் கோடு மேட்டைப் பார்த்து வளைந்தால் பள்ளம், இறக்கத்தைப் பார்த்து வளைந்தால் முகடு. அது கண்ணில் பட்டதும் தெரிய வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது. கொடி நான் நினைத்த இடத்திலேயே இருந்தது.

உடனே ஓட்டமே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே 1:4000 வரைபடத்தில் ஓடும் ஸ்பிரிண்டில் கால் வேகம் இல்லாமல் கதை நடக்காது. நான் சொல்வது காட்டுப் போட்டிகளைப் பற்றி.

ஆகவே, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்பதை இலக்காக வைக்காதீர்கள். ஏற்றமும் புதரும் போட்டிக்குப் போட்டி மாறும், இரண்டு போட்டிகளின் நேரத்தை ஒப்பிட்டு ஒன்றும் தெரியாது. ஒரு கண்ட்ரோலிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் ஸ்ப்ளிட் தாளை எடுத்து, ஒவ்வொரு கண்ட்ரோலிலும் எவ்வளவு நேரம் வீணானது என்று குறியுங்கள். அடுத்த பருவத்தில் அந்த மொத்தத்தைப் பாதியாக்கப் பாருங்கள். சமவுயரக் கோடுகள் மட்டும் உள்ள வரைபடத்தோடு பயிற்சி எடுப்பது இதற்கு நல்ல மருந்து. 1:10000-லிருந்து 1:15000-க்கு மாறும்போது கவனம்: ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டராக இருந்தது 150 ஆகிவிடும், கை பழக்கத்தில் முன்னாலேயே தேட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். இடைவெளி விட்டுப் புறப்படும் தனிநபர் போட்டியில் அவரவர் வழியை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் இரண்டு நிமிடம் பின்னால் புறப்பட்ட ஒருவர் என்னைப் பிடித்துவிட்டு, முந்திப் போகாமல், கடைசிவரை என் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிவுப் பட்டியலில் எனக்கு மேலே அவர் பெயர்! கேட்டால் "நானும் அதே வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன்" என்கிறார். சரி.

எனக்கு அடுத்த இலக்கு இரவு ஓட்டம். பின்லாந்தில் 1949 முதல் ஜூன் மாதங்களில் நடக்கும் யுகோலா தொடரோட்டத்தில் அணிக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு சுற்று. முதல் சுற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைவிளக்கோடு ஒன்றாகக் கிளம்புவார்கள். அணிக்கு அணி சில கண்ட்ரோல்கள் மாறும், அதனால் முன்னால் போகிற விளக்கை நம்பிப் போனால் வேறொருவர் கொடியில்தான் போய் நிற்க வேண்டும். நம்மவர் அங்கே ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கு இரண்டாவது சுற்று கிடைத்தால் போதும்.