பத்து இரவு பாரதக் கூத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது. திரௌபதியம்மன் கோயிலில் வரும் சித்திரையில் பாரதம் வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. பத்து இரவு கூத்து, கடைசி நாள் தீமிதி. விழாக்குழுவில் உள்ள இளைஞர்கள் தினமும் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். நடுவில் இரண்டு நாள் சமூக நாடகம் போடலாம் என்றும் ஒரு யோசனை. பேசிவைத்திருக்கும் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மைக் செட்டுக்குக் காவல்துறை அனுமதி கிடைக்குமா என்பது வேறு கவலை. எந்த நாளில் எந்தக் கூத்தை வைப்பது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

நான் வாத்தியார் பக்கம். அவர் மனதுக்குள் போட்ட கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஒரு கட்டை வேடம், அதாவது கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் வேடம், களரிக்குள் (ஆடுகளத்துக்குள்) வருவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் நின்று விருத்தம் பாட வேண்டும். திரைக்கு மேலே கிரீடம் மட்டும் தெரிய ஆட வேண்டும். திரை விலகியதும் தரு என்கிற பாட்டு, அதற்கான அடவு, பிறகு கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனோடு கேள்வி பதில். துகிலுரிதல் அன்றைக்குத் துரியோதனன், துச்சாதனன், தருமன் என்று குறைந்தது மூன்று கட்டை வேடம். அதற்கு முன்னால் களரி கட்டுவது, பிள்ளையார் துதி, கட்டியங்காரன் வரவு எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம். ஒன்பதுக்கு மத்தளம் தட்டினால் பதினொன்றரைக்கு இன்னும் யாரும் பகடையைத் தொட்டிருக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் அரை மணியில் சூதாடி, நாட்டைத் தோற்று, திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்து, சேலையும் உரிய வேண்டும். எந்த ஜமாவாலும் ஆகாது. வேடங்கள் களரிக்குள் வரும் இந்த வரவுகளை வெட்டினால் ஆகும். ஆனால் ஆட்டம் இருப்பதே வரவில்தான். அதை வெட்டியபின் மிஞ்சுவது வசனம், அதற்குக் கட்டை கட்ட வேண்டியதில்லை.

செலவும் தூக்கமும்தான் பிரச்சினை என்றால் இரவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், இரவின் நீளத்தைக் குறைக்காதீர்கள்.

வரிசையைத் தீமிதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தீமிதி அன்று காலை படுகளம், அதாவது மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் தொடையை வீமன் அடிக்கும் சடங்கு. அதற்கு முந்தைய இரவு பதினெட்டாம் போர். அதற்கு முன்பு கர்ண மோட்சம், அதற்கு முன்பு அபிமன்னன் சண்டை, கிருஷ்ணன் தூது, மாடுபிடிச் சண்டை (விராட நாட்டு மாடுகளை மீட்பது), அர்ச்சுனன் தபசு, துகில், ராஜசூய யாகம், சுபத்திரை கல்யாணம், முதல் இரவு வில்வளைப்பு (திரௌபதி கல்யாணம்). பத்தும் சரியாக வந்துவிட்டது. அரவான் களபலி உங்கள் கோயிலில் சடங்காக உண்டென்றால் அதைத் தூதுக்கும் அபிமன்னனுக்கும் இடையில் வைக்க வேண்டும், ஓர் இரவு கூடும். எட்டு இரவுதான் என்றால் ராஜசூயத்தையும் மாடுபிடியையும் விடலாம், பகலில் கோயிலில் பாரதக் கதை சொல்லும் பிரசங்கியார் அவற்றைச் சொல்லிவிடுவார். சுபத்திரையை விட்டால் அபிமன்னன் யார் வயிற்றுப் பிள்ளை என்பதே கூத்தில் வராது.

கர்ண மோட்சத்தில் கைவைக்கவே வேண்டாம். உங்கள் பக்கம் கருமாதிக்குக்கூட அதைத்தான் ஆடுகிறார்கள், ஆகவே கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பாட்டு மனப்பாடம். கர்ணனும் பொன்னுருவியும் வாதாடும் இடம் பின்னிரவில் வர வேண்டும், கர்ணன் விழும்போது கிழக்கு வெளுக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் தாமதமாகத் தொடங்கினாலும் பரவாயில்லை, சீக்கிரம் தொடங்கிவிடாதீர்கள்.

பெரும்பாலான ஊர்களில் கோட்டை விடுவது பிரசங்கியார் விஷயத்தில்தான். பிற்பகலில் அவர் சொல்லும் கதைதான் இரவில் ஆடப்பட வேண்டும். பிரசங்கம் கூத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடும். நல்ல பேச்சாளர் என்றால் வனபருவத்தில் கிளைக்கதைகளுக்குள் போய் இரண்டு நாள் பின்தங்கிவிடுவார். அப்புறம் பகலில் பாண்டவர்கள் காட்டில் இருப்பார்கள், இரவில் கிருஷ்ணன் தூது போவான். கொடியேற்றத்துக்கு முன்பே வாத்தியாரையும் பிரசங்கியாரையும் ஒன்றாக உட்காரவைத்து, தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் அடிப்பது அதற்கப்புறம்.

சித்திரையும் வைகாசியும் ஜமாக்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதங்கள். ஒரே இரவுக்கு இரண்டு ஊரில் அச்சாரம் வாங்கிவிட்டு, ஆட்களைப் பாதியாகப் பிரித்து அனுப்புவது நடக்கிற காரியம். உங்கள் ஊருக்கு வருகிற பாதியில் வேடக்காரர் இருப்பார், பின்பாட்டுக்கு ஆள் இருக்காது. பின்பாட்டு இல்லையென்றால் வேடக்காரர் ஆடிக்கொண்டே முழுப் பாட்டையும் தானே இழுக்க வேண்டும், இரண்டு மணிக்குள் தொண்டை போய்விடும். வெற்றிலை பாக்கு மாற்றும்போதே மொத்தம் எத்தனை பேர், முகவீணைக்கு (சிறு நாகசுரம் போன்ற ஊதுகருவிக்கு) யார், துரியோதனன் யார், திரௌபதி யார் என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் என்றால் சரியான ஜமா. முகவீணை வாசிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ‘ஆர்மோனியம் போதும்’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்தக் கீச்சுக் குரல் இல்லாத கூத்து உப்பில்லாத கூழ்.

சாப்பாட்டை ஏழு மணிக்குள் போட்டுவிடுங்கள். மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் இறுக்கிக் கட்டியபிறகு சோறு இறங்காது.

இனி விளக்கு. சுற்றிலும் நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகளைக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. துரியோதனன் முகம் சிவப்பு, கிருஷ்ணன் முகம் பச்சை. சிவப்பு ஒளி விழுந்தால் துரியோதனன் வெளிறிப்போவான், கிருஷ்ணன் கறுத்துப்போவான். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய அரிதாரம் வீண். மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி போதும், முன்பக்கம் இரு மூலைகளிலிருந்தும் சற்று உயரத்தில் வரட்டும்.

ஒலிபெருக்கி பற்றி: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தரலாம். அதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பன்னிரண்டுக்குப் பிறகு மைக் இல்லாமல் ஆட வேண்டியதுதான். மைக் வருவதற்கு முன்பே இருந்த கலை இது. களரியைப் பெரிதாகப் போடாமல் இருபதடிச் சதுரத்தில் நிறுத்தி, கூட்டத்தை மூன்று பக்கமும் நெருக்கி உட்காரவையுங்கள். முக்கியமாக, மைக் எத்தனை மணிக்கு அணையும் என்பதை வாத்தியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் மைக்குக்குத் தணித்துப் பாடிய குரலைத் திடீரென்று உயர்த்தச் சொன்னால் கிழிந்துவிடும்.

தபசு அன்று அர்ச்சுனன் ஏறும் தபசு மரத்துக்கு மின்கம்பம் நடுகிற கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள், மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள். மின்கம்பி போகும் பக்கம் வேண்டவே வேண்டாம். அர்ச்சுனன் மேலிருந்து எலுமிச்சம்பழம் எறியும்போது கீழே பெண்கள் முந்தானை ஏந்தி முட்டி மோதுவார்கள். அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை நிறுத்துங்கள்.

சமூக நாடகம் கூடாதென்று இல்லை. புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் குழு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையும் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறது. ஆனால் அவை கொடி இறங்கியபின், வேறொரு மாதத்தில். காப்புக் கட்டியவர்கள் விரதத்தில் இருக்கும்போது நடுவில் இரண்டு இரவை வேறு கதைக்குக் கொடுத்தால் பிரசங்கத்தோடு இருக்கும் கண்ணி அறுந்துவிடும்.

உங்கள் இளைஞர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதினெட்டாம் போரைப் பன்னிரண்டுக்கு முடித்துவிட்டால், காலையில் படுகளத்துக்கு வர வேண்டிய துரியோதனனும் வீமனும் கட்டையோடு விடியும்வரை எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? களரியிலிருந்து அப்படியே இறங்கி, வேர்வை வடிய, மண் துரியோதனனைச் சுற்றி ஓடுவதுதான் முறை. அந்த மண் உருவத்தை முந்தைய நாள் பிற்பகலில் போடத் தொடங்கினால் போதும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் முன்பே போட்டால் மார்பு வெடித்துவிடும், தண்ணீர் அதிகமானால் தோள் சரியும். குங்குமத் தண்ணீர்க் கலயத்தைத் தொடையில் கடைசியாகப் புதையுங்கள், வாயை மெல்லிய மண் பூச்சால் மட்டும் மூடுங்கள். தடித்துவிட்டால் வீமன் மூன்று முறை அடித்தாலும் உடையாது, திரௌபதி விரித்த கூந்தலோடு காத்து நிற்க வேண்டியதுதான். மண்ணை ஏரியிலிருந்து எடுப்பதென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் இப்போதே மனு கொடுத்துவிடுங்கள்.