பொசுபரசு குறைந்த மண்ணில் யூக்கலிப்டஸ் எப்படி வளர்கிறது?

நெல் வேளாண்மைக்கு ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை போடாவிட்டால் வேர் சரியாக ஓடாது, மட்டம் (பக்கத்தூர்) நன்றாக வெடிக்காது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மேட்டுநிலங்களில் நிற்கும் யூக்கலிப்டஸுக்கோ யாரும் பசளை போடுவதில்லை.

பொசுபரசு குறைந்த மண் என்றால் பொசுபரசே இல்லாத மண் அல்ல. இருப்பதில் பெரும்பகுதி இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிக் கிடக்கும், தண்ணீரில் கரையாது. யூக்கலிப்டஸின் தாயகமான ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் இப்படிப்பட்ட மிகப் பழைய மண்தான்.

அங்கே பிழைக்க அந்த மரம் பழகிக்கொண்ட வழிகளில் முக்கியமானது பூஞ்சணக் கூட்டு. நுனிவேரைப் போர்த்தி வளரும் பூஞ்சணம், தலைமயிரைவிட மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடுக்குகளுக்குள் விட்டுப் பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கும். கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கும். வேரிலிருந்து கசியும் அமிலங்களும் இறுகிய பொசுபரசைக் கொஞ்சம் இளக்கும்.

சேர்த்ததை மரம் லேசில் விடாது. வாடகை வீட்டைக் காலிசெய்பவர் பல்ப்பையும் கழற்றிக்கொண்டு போவதுபோல, இலை உதிருமுன் அதிலுள்ள பொசுபரசில் பாதிக்குமேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். மிச்சம் சருகோடு மண்ணுக்குத் திரும்பும். சருகைக் கூட்டி எரித்துச் சாம்பலை மழை கொண்டுபோனால் அந்தச் சுற்று அறுந்துவிடும்.

நாற்றுமேடையில் பலர் விடும் பிழை, கிருமி சாகச் சுட்ட மண்ணை மட்டும் பையில் நிரப்புவது. அதில் பூஞ்சணம் இராது. கன்று குறுகி நிற்கும். வளர்ந்த யூக்கலிப்டஸின் அடியிலிருந்து ஒரு பிடி மண் கலந்தால் போதும்.

“இந்த மரத்துக்குப் பொசுபரசே தேவையில்லை” என்பது தவறு: நடும்போது கொஞ்சம் பொசுபரசுப் பசளை வைத்தால் கன்று வேகமாகவே எழும்பும்.