கோபக்காரர், ஆனால் நல்ல மனுஷன்

வணக்கம் ஐயா,

பேரணாம்பட்டிலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கையெழுத்து வாங்க அடிக்கடி தையல் லைனுக்குப் போவேன். அங்கே சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான். போன வாரம் பீஸ் குறைந்ததற்காக ஒரு அக்காவிடம், “இன்னா, ராத்திரி வூட்டுக்காரன் தூங்க வுடலியா?” என்று கேட்டார். லைனே சிரித்தது. அந்த அக்காவும் சிரித்தார். மேனேஜரிடம் சொன்னேன். “கோபக்காரர், ஆனா நல்ல மனுஷன். ஆம்பளைங்களயும்தான் திட்றார்” என்று முடித்துவிட்டார். நான்தான் இதைப் பெரிதாக்குகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை.

ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனியின் ஆட்கள் ஆடிட்டுக்கு, அதாவது சோதனைக்கு, வரும் நாளில் அந்தக் கோபக்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்துப் பாருங்கள். “கொஞ்சம் பாத்து தைம்மா” என்பார். ஷிப்மென்ட் தள்ளிப்போனதற்கு முதலாளி கத்தும்போதும் அவருக்குக் கோபம் வந்திருக்காது. மணிக்கு இத்தனை ஜோடி என்று மேலே முடிவாகிறது. மெஷின் நின்றாலோ கட்டிங் தாமதமாக வந்தாலோ அவரால் ஒன்றும் செய்ய முடியாது. லைனில் உட்கார்ந்திருப்பவர்களைத் திட்ட மட்டும் முடியும். திட்டினால் பீஸ் ஏறுகிறது. மேனேஜர் கண்ணுக்கு அவர் நல்ல மனுஷனாகத் தெரிவது அதனால்தான்.

அந்த அக்கா சிரித்ததை வைத்து அவருக்கு அது பிடித்திருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முறைத்திருந்தால் மறுநாளே பழக்கமில்லாத மெஷினுக்கு மாற்றியிருப்பார்கள். பாத்ரூம் போகக்கூட இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டால்தான் குற்றம் என்று சொல்லவில்லை. பாலியல் சாயலோடு பேசுவதும் அதில் வரும். நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியமே போதும். ஆண்களையும் திட்டுகிறார் என்பது இதற்குப் பதில் ஆகாது. ஆண்கள் வாங்கும் வசவுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பது உண்மைதான். வேலையிடத்தில் ஆளை மட்டம் தட்டுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே இல்லை. அது பெரிய குறை. (பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ பலர் முன்னால் சாதிப் பேர் சொல்லித் திட்டினால் மட்டும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.)

பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஆடிட் ஃபைலுக்குள் இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். 2019இல் வேலூரைப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். பழைய நினைப்பில் வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் அலையாதீர்கள்.

நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தரலாம். அந்த அக்காவால் கொடுக்க முடியாத நிலை என்றால், விஷயம் தெரிந்த இன்னொருவர், அதாவது நீங்கள்கூட, அவருடைய எழுத்துபூர்வ சம்மதத்தோடு கொடுக்கலாம். சம்மதம் இல்லாமல் அவர் பேரில் ஒரு காகிதமும் போகக் கூடாது. உங்கள் நல்ல மனசுக்கு அவருடைய வேலையைப் பணயம் வைக்காதீர்கள். நீங்கள் பார்த்ததை மட்டும் தேதி, நேரம், பேசிய வார்த்தை மாறாமல் இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்த அக்காவிடம் பேசுங்கள். கம்பெனிக்குள்ளோ கம்பெனி பஸ்ஸிலோ வேண்டாம். “விசாரணைன்னா நீ வந்து சொல்லுவியா தம்பி?” என்றுதான் அவர் முதலில் கேட்பார். அதற்கு உங்கள் பதில் என்னவென்று முடிவு செய்துகொண்டு போங்கள்.