வாசகர் கேள்வி – பதில்: சிந்த்ராவில் தனியாகத் தங்கலாமா?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். வரும் அக்டோபரில் தனியாகப் போர்த்துகலின் லிஸ்பன் செல்கிறேன். அருகிலுள்ள சிந்த்ரா என்ற மலை நகரத்தைக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்கிறார்கள். எனக்கோ அங்கேயே இரண்டு இரவு தங்க ஆசை. அது வீண் செலவாகுமா? எவற்றைப் பார்க்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: வீண் செலவாகாது, தங்களைப் போல நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதுவே சரியான முடிவு. லிஸ்பனின் ரோசியோ நிலையத்திலிருந்து சுமார் 40 நிமிட ரயில் பயணம்தான் என்பதால், லிஸ்பனில் தங்கியிருக்கும் பயணிகளில் பெரும்பாலோர் முற்பகலில் ஒன்றாக வந்து இறங்கி, மாலையில் ஒன்றாகத் திரும்புகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் மலைப்பாதைப் பேருந்துக்கு நீண்ட வரிசை நிற்கும். சிந்த்ராவிலேயே தங்குகிறவருக்குக் கூட்டமில்லாத காலையும் மாலையும் கிடைக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து பழைய ஊருக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வளைந்து செல்லும் சாலை. பழைய ஊரின் தெருக்களோ கல் பாவிய ஏற்ற இறக்கங்கள். சக்கரப் பெட்டியோடு செல்வதானால் நிலையத்துக்கு அருகில் அறை எடுப்பது முழங்காலுக்கு நல்லது.

எல்லோரும் முதலில் ஓடுவது பெனா அரண்மனைக்கு. 1755-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பின்னர் கைவிடப்பட்ட ஒரு மடத்தை, அரசி இரண்டாம் மரியாவின் கணவரான இரண்டாம் பெர்னாந்து 1838-இல் வாங்கி, சிவப்பும் மஞ்சளுமாக எழுப்பிய மாளிகை அது. நுழைவுச்சீட்டில் குறித்திருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கு உரியது, பூங்கா வாயிலுக்கு உரியதன்று. இடையில் ஏற்றத்தில் நடக்க அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை அறியாமல் பலர் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வெளிமாடங்களையும் பூங்காவையும் பார்த்தாலே போதும். உள்ளறைகளில் கூட்டத்தோடு நகர்வதைத்தான் அதிகம் செய்வீர்கள்.

அந்த நேரத்தை ஊர் நடுவிலுள்ள தேசிய அரண்மனைக்குக் கொடுங்கள். தொலைவிலிருந்தே தெரியும் இரண்டு வெண்ணிறக் கூம்புகள் உண்மையில் அதன் சமையலறைப் புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் 33 மீட்டர் உயரம். சமையலறைக்குள் அவற்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், சுவர்களே குறுகிக் குறுகி மேலே போய் ஒரு வெளிச்சப் புள்ளியில் முடிவதைக் காணலாம். தம்பியிடம் ஆட்சியை இழந்த ஆறாம் அபோன்சு மன்னர் 1683-இல் இறக்கும்வரை அடைபட்டிருந்த அறையும் இங்கேதான் உள்ளது. அவர் ஓயாமல் நடந்து நடந்து தரையின் ஓடுகள் தேய்ந்துபோயின என்று சொல்வார்கள். கதையை நம்பாவிட்டாலும் அந்தத் தரையைப் பார்க்காமல் வராதீர்கள்.

அட்லாண்டிக் காற்று இம்மலையில் மோதுவதால் லிஸ்பனில் வெயில் காயும்போதும் இங்கே மூடுபனி சூழ்ந்திருக்கும். பெனா அடியோடு மறைந்துவிடும். இரண்டு இரவு தங்குவதன் பெரிய லாபம், காலையில் வானத்தைப் பார்த்து அன்றைய திட்டத்தை முடிவு செய்யலாம் என்பதே. தெளிந்திருந்தால் பெனாவும், வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூரியர் கட்டி, 1147-இல் போர்த்துகலின் முதல் மன்னர் அபோன்சு என்ரிக்கெஸ் வசமான மூரியர் கோட்டையும். மூடியிருந்தால் ரெகலெய்ரா தோட்டத்துக்குப் போய், தண்ணீருக்காக வெட்டப்படாத, அங்குள்ள 27 மீட்டர் ஆழக் கிணற்றின் சுழல்படிகளில் இறங்கி, சுரங்கவழியே வெளியேறலாம். பனியில் அது இன்னும் பொருத்தமாகவே இருக்கும்.

கேள்வி: சிந்த்ராவில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கல்வெட்டு இருப்பதாகப் படித்தேன். உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மை. போர்த்துகீசிய இந்தியாவின் ஆளுநராக இருந்து 1548-இல் கோவாவில் இறந்த ஜுவாவ் தே காஸ்த்ருவுக்குச் சிந்த்ராவில் பென்யா வெர்தே என்ற தோட்ட மாளிகை இருந்தது. குஜராத்தின் சோமநாதத்தைச் சேர்ந்த ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கே போய்ச் சேர்ந்தது. வாகேலா மன்னர் சாரங்கதேவர் காலத்தில் 1287-இல் பொறிக்கப்பட்ட அதில், திரிபுராந்தகர் என்ற சைவத் துறவி கேதாரம் தொடங்கி இராமேசுவரம் வரை யாத்திரை செய்துவிட்டுச் சோமநாதத்தில் ஐந்து கோயில்கள் எழுப்பிய செய்தி உள்ளது. சேதுவைக் கண்டு வந்தவரின் வரலாறு ஐரோப்பாவின் மேற்கு விளிம்பு வரை போயிருக்கிறது!

ஆனால் பென்யா வெர்தே தனியார் சொத்து. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். பதிலாக, காஸ்த்ருவின் மகன் 1560-இல் நிறுவிய கப்புசோஸ் மடத்துக்கு வாடகைக் காரில் செல்லலாம். பாறைகளுக்கிடையே ஒடுங்கிய அறைகள்; குளிரைத் தடுக்கக் கதவிலும் கூரையிலும் தக்கைப் பட்டை பதித்திருக்கிறார்கள். வாசல்கள் மிகவும் தாழ்வானவை. குனியாமல் நுழைய முடியாது. பெனாவின் பகட்டுக்குப் பிறகு இதைப் பார்த்தால்தான் சிந்த்ராவின் மறுபக்கம் விளங்கும்.

கேள்வி: தனியாகச் செல்லும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் சைவ உணவும் எப்படி? (வாசகி, ஈரோடு)

பதில்: ஊர் அமைதியானது. ரயிலிலும் நெரிசலான பேருந்திலும் பணப்பையில் மட்டும் கண் இருக்கட்டும். காட்டுப்பாதைகளில் இருட்டும் வரை நிற்க வேண்டாம். கோடையில் காட்டுத்தீ அபாயம் மிகும் நாள்களில் மலைப்பூங்காக்களையே மூடிவிடுவார்கள் என்பதால், காலையில் விடுதியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அவசர உதவிக்கு 112.

சைவத்தில் கவனம் தேவை: கீரை சூப்பாகத் தெரியும் கால்து வெர்தேயில் பன்றியிறைச்சித் துண்டு மிதக்கும், போடாமல் தரும்படி முன்கூட்டியே சொல்லுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் தொட்டால் காசு உண்டு. வேண்டாமென்றால் திருப்பி அனுப்புவதில் தவறில்லை. ஊரின் பெருமையான கெய்ஜாதா, திராவிசெய்ரு ஆகிய இரண்டு இனிப்புகளிலும் முட்டை இருக்கிறது. முட்டை உண்பவரானால், பாதாம் பூரணம் வைத்த திராவிசெய்ருவைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.