கயிறும் படகும் மட்டுமல்ல

கேள்வி: பி.எஸ்சி. புவியியல் முடித்திருக்கிறேன். தேசியப் பேரிடர் மீட்புப் படையில் நேரடியாகச் சேர முடியுமா சார்?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: முடியாதும்மா. அரக்கோணத்தில் இருக்கும் 4ஆவது பட்டாலியனும் சரி, மற்றவையும் சரி, சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதப்படைகளிலிருந்து அயல்பணியாக, அதாவது சில ஆண்டுகளுக்கு மட்டும் மாற்றி அனுப்பப்பட்டு, வருபவர்களைக் கொண்டவை. சீருடைதான் வேண்டும் என்றால் முதலில் அந்தப் படைகளின் தேர்வை எழுதுங்கள்.

ஆனால் இந்தத் துறை கயிறும் படகும் மட்டுமல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நான் வேதாரண்யம் பக்கம் வருவாய்த் துறையில் இருந்தேன். ஒரு பள்ளிக்கூட முகாமில் சாப்பாடு அண்டா அண்டாவாக வந்து இறங்கியது. கைக்குழந்தைக்குப் பால், சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின், பெண்களுக்கு நாப்கின்? யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. ஒரு பாட்டி கேட்ட பிறகுதான் உறைத்தது. இதையெல்லாம் புயலுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் போட்டு வைப்பவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

உங்கள் புவியியல் வீண்போகாது. தாழ்வான தெருக்களைக் கணினி வரைபடத்தில் குறிக்கும் ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளுங்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேரிடர் மேலாண்மைக்கே முதுகலைப் படிப்பு உண்டு. வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள் என்றால் குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. ஆகுங்கள், வெள்ளம் வந்தால் முதல் போன் அவருக்குத்தான் வரும், அதுவும் ராத்திரி 2 மணிக்கு!